பந்துக்குச் செக்கிங் மேஜை கிடையாது

உடற்கல்வி ஆசிரியையாக இந்த ஆண்டு வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனிவாகச் சொல்ல முயன்று பார்த்தேன், வரவில்லை. நான் சொல்லப்போவது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் அந்த வேலையையும் விட்டு வந்துவிட்டேன். ஆனாலும் ஏதாவதொரு பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிப் பேருந்து போகும்போது ஒலிபெருக்கியில் யாராவது சிரிப்பது கேட்டால் இன்றும் இருக்கையைவிட்டுப் பாதி எழுந்துவிடுகிறேன்.

உங்கள் மைதானத்துக்குப் பலர் வருவார்கள். பள்ளிக் குழு உறுப்பினர்கள், நன்கொடை கொடுத்தவர்கள், பெற்றோர்கள். நம் பக்கத்து ஆட்கள் அதட்டிப் பேசமாட்டார்கள். வாங்க, போங்க, ஏனுங்க, ஆகட்டுமுங்க என்று குழைந்துதான் பேசுவார்கள். அந்த மரியாதைக்குள்ளேயே கட்டளையும் இருக்கும். அதட்டினால் திருப்பி அதட்டலாம். குழைந்து கேட்கிறவரிடம் முடியாது என்று சொன்னால் நாம்தான் மரியாதை கெட்டவர்களாகிவிடுவோம். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். வேகம். எப்போது வேகமாக ஓடும், எப்போது வேகமாகப் போடும், எப்போது பரிசு வாங்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் ஒன்றில் சாஃப்ட்பால் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெயரைக் கேட்டு ஏதோ மெத்தென்ற பந்து என்று நினைத்துத்தான் பெற்றோர்கள் சம்மதித்தார்கள். அது தோல் போர்த்திய பந்து. கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. கையைக் கீழிருந்து வீசிப் போட வேண்டும். எதிரே சுண்ணாம்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் ஒரு பிள்ளை மட்டையோடு நிற்கும். தலைக்கவசமெல்லாம் நாங்கள் படத்தில் பார்த்ததோடு சரி.

முதல் பருவம் முழுவதும் நான் யாரையும் வேகமாகப் போட விடவில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, ஒரு பனியன் கம்பெனியில் பழுதென்று ஒதுக்கிய பனியனைத் தொங்கவிட்டேன். பந்து பனியனின் வயிற்றில் பட வேண்டும். கழுத்தில் பட்டாலும் தோளில் பட்டாலும் மறுபடியும் போட வேண்டும். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நான் காதில் வாங்கவில்லை. வளர்கிற கைக்கு வேகம் தானாகவே வரும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தை எந்த இடத்தில் கையைவிட்டு அனுப்புவது என்பது தானாக வராது. இடுப்பருகே விட வேண்டிய பந்தை இம்மி தாமதித்து விட்டால் அது மேலே ஏறும். எதிரே நிற்கிற பிள்ளையின் முகத்துக்கு ஏறும். வேகம் கூடக்கூட அந்தத் தாமதத்தால் வரும் பிசகும் கூடும். விஷயம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

என் மகள் வாசுகி அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். அணியில் பந்து போடுகிறவள் அவள்தான். மகள் என்பதற்காக நான் சேர்க்கவில்லை. அவளுக்குக் கை நீளம், வீச்சு அப்படி. அதனாலேயே மற்ற பிள்ளைகளைவிட அதிக நாள் அவளைப் பனியனுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் என்னோடு பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மட்டை பிடிப்பதில் கனகத்தை மிஞ்ச ஆள் இல்லை. மண்ணரையிலிருந்து நடந்து வருகிற பிள்ளை. அப்பா இல்லை. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வருகிற பனியன்களை மேஜைமேல் விரித்துப் பார்த்து, பழுதானதைப் பிரித்து ஒதுக்கும் வேலை. எட்டாம் வகுப்போடு கனகத்தை நிறுத்தி, அதே கம்பெனியில் பனியன் கை ஓரம் மடிக்கிற வேலைக்குச் சேர்த்துவிடுவதாக இருந்தார். நான் போய்ப் பேசினேன். கோயமுத்தூருக்கு மாவட்டப் போட்டி ஆடப் போகிற பிள்ளை, பெயர் வாங்கும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "டீம்ல இருக்கற வரைக்கும் படிக்கட்டுங்க டீச்சர். டீமை விட்டு வந்துட்டா என்ற கூடவே கம்பெனிக்கு வந்துரட்டும்" என்றார். கனகத்தின் படிப்பு அந்த மட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும், கனகத்துக்கும் தெரியும்.

கனகத்தின் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி எங்கள் பள்ளிக் குழுவில் இருந்தார். அணிக்குப் பனியன் கொடுத்தவரும் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று நான் சொன்னால் உங்களுக்குப் பிரயோசனப்படாது. கெட்டவர்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள். அவர் நல்லவர், தாராளமானவர், சிரித்த முகம். அப்படிப்பட்டவரிடம்தான் நீங்கள் ஏமாறுவீர்கள்.

ஒருநாள் மாலை பயிற்சியைப் பார்க்க வந்தார். வாசுகி பனியனுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், பாப்பாவுக்குக் கை இத்தனை நீளம் இருக்குது. பந்து மட்டும் பொண்ணழைப்பு மாதிரி போகுதுங்களே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முதலில் குறி பழகட்டும், வேகம் பிறகு என்றேன்.

"எங்க கம்பெனியில நான் சொல்றதே வேறைங்க. புதுசா வர்ற பொண்ணுககிட்ட, மொதல்ல கையை ஓட்டுங்க கண்ணுங்களான்னுதான் சொல்லுவேன். பழுது வந்தா வரட்டும், செக்கிங்ல பிரிச்சுக்கலாம். கையை நிறுத்தி நிறுத்திப் பழகுனா கடைசி வரைக்கும் ஓடாதுங்க."

"பந்துக்குச் செக்கிங் மேஜை இல்லீங்க" என்றேன். "கையை விட்டுப் போனா, எதிர்ல நிக்கற புள்ளைதானுங்க மேஜை."

அதற்கும் சிரித்தார். டீச்சருக்குப் பயம் அதிகம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊரே வேகத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்த காலம் அது. பழுதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊருக்குத் தொழிலாகி, தொழில் புத்தியாகி, புத்தி பழக்கமாகியிருந்தது. துணிக்குச் சரி. பிள்ளைக்கு யார் செக்கிங் போடுவது?

பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு அவர்தான் தலைமை விருந்தினர். நடுவில் சாஃப்ட்பால் எப்படி ஆடுவது என்று காட்ட ஒரு சிறு நிகழ்ச்சி வைத்திருந்தோம். விழாவுக்கு முன்னாலேயே, வேகமாக ஒன்றிரண்டு போட்டுக் காட்டலாமா என்று அவர் தலைமையாசிரியை மூலம் கேட்டனுப்பினார். கூடாது என்று சொல்லி அனுப்பினேன். வாசுகியிடமும் சொன்னேன், கனகத்திடமும் சொன்னேன். பயிற்சியில் போடுகிற அளவுக்குத்தான் போட வேண்டும், அதற்குமேல் ஒரு பந்துகூடக் கூடாது.

நிகழ்ச்சி சரியாகவே நடந்தது. வாசுகி போட்டாள், கனகம் அடித்தாள். கடைசிப் பந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த ஓட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த மைதானத்தின் மறுகோடிக்குப் போனேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"அம்மிணி, உங்க டீச்சர் சொன்ன மாதிரி போட்டது போதும். இப்ப எனக்காக ஒண்ணு. கை வலுவெல்லாம் கூட்டிப் போடு, பாக்கலாம்."

கூட்டம் கை தட்டியது. கனகம் இன்னும் மட்டையோடு கட்டத்தில் நின்றிருந்தாள். வாசுகி தலையை ஆட்டி மறுத்தாள். தூரத்திலிருந்தே அது எனக்குத் தெரிந்தது. அவள் சுற்றிலும் என்னைத் தேடுவதும் தெரிந்தது. நான் ஊதலை ஊதிக்கொண்டே ஓடினேன். விளையாட்டு விழாவில் ஊதல் சத்தத்தை யார் பொருட்படுத்துவார்கள்?

"என்ன கண்ணு, டீச்சரம்மாவுக்குப் பயமா? ஊட்டுல சோறு போடமாட்டாங்களா?"

மைதானம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் சொன்னேன். மற்ற பிள்ளைகள், பெற்றோர்கள், உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் எல்லோரும் சிரித்தார்கள். பதினாலு வயதுப் பெண், அத்தனை பேர் நடுவில் அம்மாவைச் சொல்லிச் சிரித்தால் என்ன செய்வாள்? போட்டாள்.

பந்து எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கனகம் அழவில்லை. மட்டையைக் கையில் பிடித்தபடியே மண்டியிட்டு, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் வாசுகியைத் தாண்டித்தான் ஓட வேண்டும். வீசிய கை நீட்டியபடியே அவள் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் கால் அங்கேயே நின்றுவிடும் என்று பயந்து, பார்க்காமலே கனகத்திடம் ஓடினேன். கன்னமும் கண்ணும் ஒன்றாக வீங்கிக்கொண்டு வந்தன. ஒலிபெருக்கியில் யாரோ அடுத்த நிகழ்ச்சி எலுமிச்சைக் கரண்டி ஓட்டம் என்று அறிவித்தார்கள். அப்போதும் அந்தப் பந்தைப் போடச் சொன்னவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஆனால் காரைக் கொடுத்தார். நான் கேட்டவுடனே கொடுத்தார். மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். கன்னத்து எலும்பில் விரிசல் என்றும், கண்ணைப் பற்றி வீக்கம் வடிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றும் டாக்டர் சொன்னார். மறுநாள் காலை ஆசிரியைகள் அறையில் எல்லோர் வாயிலும் முதலாளியின் பெருந்தன்மைதான். காரையே கொடுத்தாரே, யார் கொடுப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கார் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். டீ ஆறுகிறது என்று ஒருவர் எழுந்து போனார்.

கண்ணுக்குச் சேதம் இல்லை என்று தெரிந்த பிறகு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். முதலாளியும் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து கும்பிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க டீச்சர். உங்க பாப்பாமேல ஒரு சொல்லு வந்துரக்கூடாதுங்க. அதுதான் எனக்குக் கவலை. விசாரிச்சுப் பாத்தேன். அந்தப் பொண்ணு நின்ன இடந்தான் பிசகு. கோட்டைத் தாண்டிப் பந்துக்குக் குறுக்கே நின்னுட்டா. அவளை டீம்ல இருந்து எடுத்துட்டு, உங்க பாப்பா கோயமுத்தூர் போகட்டுமுங்க."

ஒரு தாயாக அந்தப் பேச்சு எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சம்பவத்துக்குப் பிறகு வாசுகி சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் பிள்ளைகள் அவளைக் கண்டால் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விளையாட்டாக ஓடினார்கள். உன்மேல் தவறில்லை என்று யாராவது அவளிடம் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஏக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. என் மகளை என் கையில் கொடுத்து, கனகத்தை விலையாகக் கேட்டார். அதையும் கும்பிட்டுக் கேட்டார்.

கனகம் கோட்டுக்குள்தான் நின்றாள் என்றேன். நீங்கள் மறுகோடியில் அல்லவா இருந்தீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். அதுவரை நான் மதித்த பெண்மணி அவர். முதலாளி மெதுவாக, "அந்தப் பொண்ணோட அம்மாவே ஒத்துக்கிட்டாங்களே டீச்சர்" என்றார்.

அன்று மாலையே மண்ணரைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியும் வாசுகி கூட வந்தாள். கனகத்தின் அம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே, ஒப்பிப்பதுபோல் அவரே சொன்னார்.

"எம்பட புள்ளைமேலதானுங்க டீச்சர் பிசகு. கோட்டைத் தாண்டி நின்னுட்டா. முதலாளி காரு குடுத்து, ஆஸ்பத்திரிக்குக் குடுத்து, எல்லாம் பாத்தாருங்க. நாங்க குத்தம் சொல்லக்கூடாதுங்க."

நாளைக் காலையில் அவர் அதே முதலாளியின் மேஜைக்குப் போய் நிற்க வேண்டும். அந்தத் தாய்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாயில் அந்த வாக்கியத்தை வைத்தவர்கள்மேல்தான் வந்தது. அடிபட்ட பிள்ளையின் தாயையே, பிள்ளைமேல் பிசகு என்று சொல்ல வைத்துவிட்டார்கள். அதுவும் மிரட்டாமல், உதவி செய்தே சொல்ல வைத்துவிட்டார்கள்.

கனகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

"நான் கோட்டுக்குள்ளதானுங்க நின்னேன்" என்றாள்.

"சும்மா இரு கண்ணு."

"உள்ளதானுங்க நின்னேன், டீச்சர்."

வாசுகி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது வாசுகி என்னிடம், நாளைக்கு முதலாளியை மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்டேன். எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அவரே காட்டட்டும் என்றாள்.

தலைமையாசிரியையிடம் அதையே சொன்னேன். பிள்ளை தவறாக நின்றது என்றால் சரியாக நிற்பது எப்படி என்று குழு உறுப்பினர் காட்டட்டும், எழுதிக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன் என்றேன். முதலாளி தலைமையாசிரியையோடு சந்தோஷமாக வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, கூப்பிட்ட இடத்துக்கு வருகிற மனிதர். நான் கட்டத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டையை வாங்கினார். மாடு ஓட்டுகிற தார்க்குச்சி மாதிரி பிடிக்கிறீர்களே என்று கூட வந்த ஒருவர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். கோட்டுக்குள் நின்று, "இப்படி, உள்ள நின்னிருக்கணுமுங்க" என்றார்.

அது கனகம் நின்ற இடம்தான். அதைவிட நல்ல இடம் அந்தக் கட்டத்தில் கிடையாது.

அப்போது வாசுகி பந்து போடும் தன் இடத்துக்குப் போய்விட்டாள். கையில் பந்து இருந்தது. அவளிடம் நான் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. நான் கூப்பிட வாய் திறப்பதற்குள் அன்று வீசியதுபோலவே கை முழுக்கச் சுழன்று வந்தது.

அவர் மட்டையைப் போட்டுவிட்டு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார்.

பந்து வாசுகியின் கையிலேயே இருந்தது.

"நான் விடலீங்க" என்றாள் வாசுகி. "நீங்க நின்ன இடத்துலதானுங்க கனகமும் நின்னா. கையால மொகத்தை மறைக்க அவளுக்கு நேரம் இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மெல்ல நிமிர்ந்தார். வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. என் மகளை அடித்துவிடுவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"அந்தப் பொண்ணும் டீம்ல இருக்கட்டுமுங்க" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அவ்வளவுதான். வேகமாகப் போடச் சொன்னது தன் பிசகு என்று அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கனகத்தின் அம்மாவிடம் போய்ச் சொன்ன பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு விழாவிலும் முன்வரிசையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே சிரிப்போடு கை தட்டினார். அவருக்கு மாலை போட்டது என் தலைமையாசிரியை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குச் சொல்லாதவர்கள் கிடையாது. எதைப் பொறுத்துக்கொள்வது என்று கேட்டால் பதில் சொன்னவரும் கிடையாது.

ஆகையால் சொல்கிறேன். உங்களிடம் யாராவது குழைந்து வந்து, ஒன்றே ஒன்று, எனக்காக, வேகமாக என்று கேட்டால் அங்கேயே மறுத்துவிடுங்கள். மறுத்துவிட்டோம் என்று நிம்மதியாக மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் போனதும் அவர்கள் பிள்ளையிடம் கேட்பார்கள். பந்தை வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை தெரியாதவள் என்பார்கள். என்னை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வாசுகி மறுபடியும் பந்து போடத் தொடங்க வெகு நாளாயிற்று. தொடங்கியபோது அவளே பனியனைக் கயிற்றில் தொங்கவிட்டாள். குறி முன்னைவிடச் சுத்தமாக வந்தது. கனகம் பள்ளி இறுதித் தேர்வு வரை படித்தாள். கம்பெனிக்குப் போகவில்லை. அணியில் கடைசி வரை இருந்தாள். இதெல்லாம் நடந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நன்றாகத்தானே முடிந்தது, இன்னும் என்ன கோபம் என்று கேட்கிறவர்களுக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டு அவிழ்த்து வந்த பிறகு கனகத்தால் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. கோட்டுக்குள் சரியாக நிற்பாள், மட்டையைச் சரியாகப் பிடிப்பாள். பந்து எதிராளியின் கையை விட்டுக் கிளம்பும் கணத்தில் அவள் முகம் தோள்பக்கம் திரும்பிவிடும். கண் இறுக மூடிக்கொள்ளும். வாசுகி எவ்வளவு மெதுவாகப் போட்டாலும், பூப்போலப் போட்டாலும், திரும்பிவிடும். "மன்னிச்சுக்கங்க டீச்சர், இன்னொண்ணு போடச் சொல்லுங்க" என்பாள். ஒவ்வொரு மாலையும் அவளே கேட்டு வாங்கி நின்றாள். பந்தைப் பார் என்று மட்டை பிடிக்கிற எந்தப் பிள்ளைக்கும் முதல்நாளே சொல்லித்தருவோம். கனகத்துக்கு அதைச் சொல்ல நான் பலமுறை வாயெடுத்தேன். கடைசி வரை எனக்குச் சொல்ல வரவில்லை.